அப்துல் ரசாக்கின் நேற்றைய சாப்பாடு

கைலாஷ்: ...அதனாலதான்க்கா சொல்றேன். என்கிட்ட பொய் சொல்லித் தப்பிச்ச வயிறு இந்தத் திருவண்ணாமலை மாவட்டத்துலயே கிடையாது.

நூரைன்: தண்ணி குடிக்கிறீங்களா தம்பி?

கைலாஷ்: வேணாம்க்கா. ஆராய்ச்சிக்கு வந்த வீட்டுல ஒரு சொட்டு வாங்கக் கூடாது. என் தராசு உங்க பக்கம் சாஞ்சுடுச்சுன்னு சொல்லிடுவாங்க.

நூரைன்: பச்சைத் தண்ணிக்கா?

கைலாஷ்: பச்சைத் தண்ணியிலதான் ஆரம்பிக்கும். பிரியாணியில போய் முடியும்.

நூரைன்: நீங்க கோயில் குஞ்சிதபாதம் குருக்கள் பையன்தானே? உங்களுக்கு யாரு பிரியாணி குடுக்கப் போறாங்க?

கைலாஷ்: ஒரு உதாரணத்துக்குச் சொன்னேன்க்கா. ஏன், என்னை முன்னாடியே தெரியுமா?

நூரைன்: எங்க வீட்டுக்காரரு ஆட்டோ ஓட்டுறாரு, சல்மான்னு. உங்கப்பாவை எத்தனையோ தடவை ராஜகோபுரத்துல இறக்கி விட்டிருக்காரு. பையன் காலேஜ்ல என்னமோ சோத்தைப் பத்திப் படிக்கிறான்னு உங்கப்பா வருத்தப்பட்டாராம்.

கைலாஷ்: சோத்தைப் பத்தி இல்லக்கா. ஊட்டச்சத்து. பொது சுகாதாரம். வயித்துல இருக்கிற பிள்ளையில ஆரம்பிச்சு கைத்தடி பிடிக்கிற வயசு வரைக்கும், யாரு என்ன சாப்பிடுறாங்க, உடம்புல என்ன ஒட்டுதுன்னு பாக்குற ஆராய்ச்சி. லீவுல எனக்கு இந்த வேலை.

நூரைன்: இதைச் சாக்கா வெச்சு ரேஷன் அரிசியைக் குறைச்சிட மாட்டீங்களே?

கைலாஷ்: எல்லா வீட்டுலயும் இதே கேள்வி. இல்லக்கா. அரிசி எங்க கையில இல்ல. எங்க கையில இருக்கிறது கணக்கு ஏத்துற இந்த டேப்லெட் மட்டும்தான். இதுலயும் சார்ஜ் கம்மி.

நூரைன்: சரி... எங்க வீட்டை ஏன் எடுத்தீங்க?

கைலாஷ்: ஒரே கூரைக்குக் கீழ நாலு பருவமும் இருக்கணும். கைக்குழந்தை, பள்ளிக்கூடம் போற வயசுல ஒண்ணு, பால் குடுக்கிற அம்மா, அறுபது தாண்டின பெரியவர். உங்க வீட்டுல நாலும் இருக்குன்னு மூணு மாசம் முன்னாடி வந்த ஆளு பதிஞ்சுட்டுப் போயிருக்காரு. இந்தத் தெருவுலயே உங்க வீடு ஒண்ணுதான்.

நூரைன்: நாலுல ஒண்ணு... இப்போதைக்கு இல்லேன்னா?

கைலாஷ்: வீடு அவுட்.

நூரைன்: கொஞ்சம் கூட...

கைலாஷ்: கொஞ்சம் கூட கிடையாது. அதுக்குன்னே என்னென்ன வேலை பண்றாங்கன்றீங்க. கீழ்பென்னாத்தூர்ல ஒரு வீட்டுல பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கிட்டு வந்து எங்களுதுன்னு காட்டினாங்க. நான் ஒண்ணுமே பேசல. "அம்மா எங்க கண்ணு?"ன்னேன். அது ஜன்னல் வழியா பக்கத்து வீட்டைப் பாத்துக் கையை நீட்டுச்சு.

நூரைன்: அப்புறம்?

கைலாஷ்: இன்னொரு ஊர்ல மாமியாருக்குப் பதிலா மாமியாரோட தங்கச்சி உக்காந்துட்டாங்க. அஞ்சு நிமிஷத்துல பிடிச்சேன். எனக்குக் கோவம் கூட வராதுக்கா, சிரிப்புதான் வரும். ஒரு மனுஷன் தான் யாருன்றதை விட்டுட்டு இன்னொருத்தரா நடிக்கிறான்னா, அதை விடக் கேவலமான பொழப்பு இருக்கா சொல்லுங்க? ...ஏன்க்கா பேச மாட்டேங்கிறீங்க?

நூரைன்: குழந்தை அழுவுதான்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்.

கைலாஷ்: குழந்தை உங்க மடியிலதானே இருக்கு?

நூரைன்: ...அதான் கிட்ட வெச்சுக் கேட்டேன்.

கைலாஷ்: ம். பாப்பாவுல இருந்தே ஆரம்பிப்போம். பேரு?

நூரைன்: மஹீன். எட்டு மாசம்.

கைலாஷ்: இந்த மெஷின் மேல வைங்க. கையை எடுத்துடுங்க... நான் பிடிச்சுக்கிறேன்... ஆறு கிலோ நூறு.

நூரைன்: அதேதான்.

கைலாஷ்: எது அதே?

நூரைன்: ரெண்டு மாசம் முன்னாடி அங்கன்வாடியில போட்டப்பவும் ஆறு நூறு. போன மாசமும் ஆறு நூறு.

கைலாஷ்: தராசுக்குத் தராசு மாறும்க்கா. இருங்க, இன்னொரு தடவை... ஆறு நூறு. காலை உதைச்சுது, அதனால கம்மியா காட்டுதுபோல.

நூரைன்: காலை உதைச்சா கம்மியா காட்டுமா தம்பி?

கைலாஷ்: ...காட்டாது.

நூரைன்: ஆஸ்பத்திரிக்குப் போனேன். நல்லா ஊட்டுங்கன்னாங்க. மருந்துக்கடையில கேட்டேன், ஒரு டப்பா மாவைக் குடுத்து இதை ஊட்டுங்கன்னாங்க. எதிர் வீட்டுல வந்து பாத்துட்டு, உனக்கு ஊட்டத் தெரியலன்னாங்க. எல்லாருக்கும் ஊட்டத் தெரியுது. ஏன் ஏறலன்னு மட்டும் யாருக்கும் தெரியல.

கைலாஷ்: அதுக்குத்தான்க்கா இந்த ஆராய்ச்சி. சேர்ந்த வீட்டுக்கு எங்க டாக்டரம்மா மாசாமாசம் வருவாங்க. ரத்தம் எடுத்துப் பாப்பாங்க, பக்கத்துல உக்காந்து எப்படி ஊட்டுறீங்கன்னு பாப்பாங்க. ரெண்டு வருஷம் விட மாட்டாங்க.

நூரைன்: வீட்டுக்கே வருவாங்களா?

கைலாஷ்: வீட்டுக்கே.

நூரைன்: இப்போ இருக்கிற நிலைமையில என்னால தினம் ஆஸ்பத்திரிக்கு அலைய முடியாது தம்பி. வீட்டுல வேற ஆளு இல்ல, அதான் கேக்குறேன். நிச்சயமா வருவாங்களா?

கைலாஷ்: நாலு பேரும் இருந்தா நிச்சயமா வருவாங்க. உங்க கொழுந்தன் ஃபைஸ்... ஒன்பதாவது... ஸ்கூல் போயிருக்கானா? சரி, சாயங்காலம் பாத்துக்கலாம். பெரியவர் எங்க? அப்துல் ரசாக்.

நூரைன்: உள்ள... இல்ல, வாசல் அறையில இருக்காரு. மாமா, கொஞ்சம் இப்படி வாங்களேன்.

பெரியவர்: என்னையா கூப்பிட்டே?

நூரைன்: உங்களைத்தான் மாமா. வேற யாரு இருக்காங்க.

பெரியவர்: ஆமாமா. நான்தான். வந்துட்டேன்.

கைலாஷ்: உக்காருங்க தாத்தா. உங்க பேரை உங்க வாயாலயே சொல்லணும், அதுதான் முறை.

பெரியவர்: அப்துல்...

கைலாஷ்: அப்துல்?

பெரியவர்: ...ரசாக்.

கைலாஷ்: நடுவுல ஒரு ஸ்டாப்பிங் போட்டு வந்துச்சே?

பெரியவர்: வயசாச்சுல்ல தம்பி. மூச்சு வாங்குது.

கைலாஷ்: தொப்பி புதுசா?

பெரியவர்: ரொம்ப நாளா போட்டுக்கிட்டு இருக்கேன்.

கைலாஷ்: விலை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு தாத்தா.

நூரைன்: அவரு எதையும் பத்திரமா வெச்சுக்குவாரு தம்பி. ஸ்டிக்கரைக் கூட கிழிக்க மாட்டாரு.

கைலாஷ்: நல்ல பழக்கம். தாத்தா, இந்தப் பிடியைக் கையில வெச்சு முடிஞ்ச வரைக்கும் அமுக்குங்க. வயசானவங்களுக்குத் தசையில எவ்வளவு பலம் மிச்சம்னு பாக்குற மெஷின் இது.

பெரியவர்: அமுக்கினா உடையாதே?

கைலாஷ்: உங்க வயசுக்கு அதெல்லாம் உடை... தாத்தா, போதும். விடுங்க. விடுங்க தாத்தா. முப்பத்தெட்டு கிலோவா? எனக்கே முப்பத்தொண்ணுதான் வந்துச்சு.

பெரியவர்: நீ உக்காந்து படிக்கிறவன். நான் தினம் நடக்கிறவன்.

கைலாஷ்: எங்க நடப்பீங்க?

பெரியவர்: மலையைச் சுத்தி.

நூரைன்: வீட்டைச் சுத்தி.

கைலாஷ்: ரெண்டுல எது?

நூரைன்: வீட்டைச் சுத்திதான். அவரு... மலைன்னு பெருமையா சொல்லிக்குவாரு.

கைலாஷ்: வீட்டுக்கு ஒரு பக்கம் சுவரு, ஒரு பக்கம் சாக்கடை. எப்படி சுத்துவாரு?

பெரியவர்: அதனாலதான் தம்பி கைக்கு இவ்வளவு பலம்.

கைலாஷ்: ...இதுக்கு டேப்லெட்ல கட்டம் இல்ல. மேல போவோம். உங்க சம்சாரம் நசீம் பானு அம்மாவையும் ரெண்டு வார்த்தை கேக்கணும். வரச் சொல்லுங்களேன்.

நூரைன்: மாமிக்கு உடம்பு சரியில்ல. உள்ளயே இருக்காங்க.

கைலாஷ்: இப்போ அந்தத் திரைக்குப் பின்னால இருந்து டீ டம்ளர் நீட்டினாங்களே, அவங்கதானே?

நூரைன்: கைக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு.

கைலாஷ்: வெளியாளு நான் இருக்கேன், வரலை, சரி. டம்ளரை நேரா தாத்தாகிட்ட நீட்டலாமே. உங்ககிட்ட குடுத்து, நீங்க தாத்தாகிட்ட குடுக்குறீங்க. சொந்தப் புருஷன் முன்னாடி கூட வர மாட்டாங்களா?

பெரியவர்: சண்டை தம்பி.

நூரைன்: ஆமா. சண்டை.

கைலாஷ்: எதுக்கு சண்டை?

பெரியவர்: அதை அந்தம்மாதான் சொல்லணும். எனக்கு எப்படித் தெரியும்?

கைலாஷ்: ...அந்தம்மா. சரி. தாத்தா, இப்போ முக்கியமான கேள்வி. நேத்து காலையில கண்ணு முழிச்சதுல இருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் வாயில என்னென்ன போச்சோ, எல்லாத்தையும் சொல்லணும். டீ, பிஸ்கட், வெத்தலை, எதையும் விடக் கூடாது.

பெரியவர்: காலையில ரெண்டு இட்லி. மத்தியானம் சோறு, தால்சா. ராத்திரி ரெண்டு சப்பாத்தி. அவ்வளவுதான்.

கைலாஷ்: பரீட்சைக்கு ஒப்பிக்கிற மாதிரி இருக்கு.

நூரைன்: அவரு பேச்சு எப்பவும் சுருக்கம் தம்பி.

கைலாஷ்: இருக்கட்டும். ஒவ்வொண்ணா வருவோம். மத்தியானச் சோறு, இந்தக் கிண்ணத்துல எவ்வளவு இருக்கும்? பாத்துச் சொல்லுங்க.

பெரியவர்: கிண்ணம் எங்க தம்பி, தொன்னையிலதான் போடுவாங்க.

கைலாஷ்: வீட்டுக்குள்ள தொன்னையா?

நூரைன்: மாமிக்கு முடியலல்ல, பாத்திரம் கழுவ ஆளில்ல.

கைலாஷ்: எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க?

பெரியவர்: பதினொன்னரைக்கே போயிட்டேன். வரிசை நகர்றதுக்கு ஒரு மணி ஆயிடுச்சு.

கைலாஷ்: வரிசையா?

நூரைன்: பெரிய குடும்பம் தம்பி.

கைலாஷ்: மொத்தம் ஆறு பேருதான்க்கா. அதுல ஒண்ணுக்கு பல்லே முளைக்கல.

நூரைன்: ...சமையலறை சின்னது.

கைலாஷ்: சரி, யாரு போட்டாங்க சோறு?

பெரியவர்: முகமெல்லாம் பாக்கல. குனிஞ்சு வாங்கிக்கிட்டு வந்துட்டேன்.

கைலாஷ்: மருமக முகம் தெரியாதா தாத்தா உங்களுக்கு?

நூரைன்: அவருக்கு வெக்கம் ஜாஸ்தி.

கைலாஷ்: அக்கா, நீங்க கொஞ்ச நேரம் பேசாம இருந்தீங்கன்னா தாத்தா இன்னும் நல்லா சொல்வாரு. தாத்தா, தால்சாவுல என்ன காய் கிடந்துச்சு?

பெரியவர்: தால்சா...

கைலாஷ்: ஆமா. நேத்து சாப்பிட்டீங்களே.

பெரியவர்: தம்பி, உன்னை ஒண்ணு கேக்கட்டுமா?

கைலாஷ்: கேளுங்க.

பெரியவர்: இதையெல்லாம் நெசமாவே எழுதிக்குவீங்களா? நான் தின்னதை?

கைலாஷ்: ஒரு வாய் விடாம எழுதுவோம்.

பெரியவர்: எழுதி?

கைலாஷ்: கம்ப்யூட்டர்ல போட்டு, உங்களுக்கு எவ்வளவு புரதம், எவ்வளவு இரும்புச் சத்துன்னு கணக்கு எடுப்போம். பெரிய பெரிய டாக்டருங்க உக்காந்து பாப்பாங்க.

பெரியவர்: ...மன்னிச்சுக்கோம்மா. எனக்கு வாய் நிக்கல.

நூரைன்: மாமா, வேணாம்...

பெரியவர்: தம்பி, இத்தனை வருஷத்துல என்னைச் சாப்பிட்டியான்னு கேட்டவங்க இருக்காங்க. அது போற போக்குல கேக்குறது. என்ன சாப்பிட்டே, எவ்வளவு சாப்பிட்டே, உப்பு இருந்துச்சான்னு உக்காந்து கேட்டவன் நீ ஒருத்தன்தான். உன்கிட்ட போய் தால்சான்னு பொய் சொல்ல மனசு வரல. நான் அதைத் தின்னு ரொம்ப வருஷம் ஆகுது. எழுதிக்கோ. காலையில ரமணாசிரமத்துப் பக்கம் ஒரு காபி. ஒரு வெள்ளைக்காரம்மா பையில இருந்து ஒரு பழம் குடுத்துச்சு. வெளிய பச்சை, உள்ள வெண்ணெய் மாதிரி. ருசியே இல்ல. பாவம், ஆசையா குடுத்துச்சேன்னு தின்னேன்.

கைலாஷ்: வெண்ணெய்ப் பழம்... அதுக்குக் கோட் நம்பர் இருக்கு. இந்த மாவட்டத்துல இதுவரைக்கும் நான் அழுத்தினதே இல்ல.

பெரியவர்: மத்தியானம் கிரிவலப் பாதையில ஒரு மடத்துல சாம்பார் சாதம், ஒரு தொன்னை. அதுல பூசணிக்காய். உப்பு கம்மி. அப்புறம் தயிர் சாதம். கொஞ்ச தூரம் நடந்தா இன்னொருத்தரு போட்டாரு, அங்கயும் தயிர் சாதம். அதுல மாதுளை முத்து போட்டிருந்தாங்க, அதையும் எழுதிக்கோ. ராத்திரி ரெண்டு பன், ஒரு டீ. போன வெள்ளிக்கிழமை சாப்பிட்டதும் ஞாபகம் இருக்கு, சொல்லட்டுமா?

கைலாஷ்: நேத்து மட்டும் போதும்.

பெரியவர்: போன வெள்ளிக்கிழமைதான் தம்பி நல்லா இருந்துச்சு.

கைலாஷ்: உங்க பேரு என்ன?

பெரியவர்: சக்கரவர்த்தி.

கைலாஷ்: ...நெசமாவா?

பெரியவர்: அப்துல் ரசாக்குன்னா நம்புற, சக்கரவர்த்தின்னா நம்ப மாட்டேங்கிற. இந்தம்மாவோட வீட்டுக்காரரு ஆட்டோவுல அப்பப்ப நம்மள ஏத்திக்குவாரு. ஒரு நாளைக்கு எங்கப்பாவா உக்காருங்கன்னாரு. அப்பாவா இருக்கிறது கஷ்டமான வேலைன்னு எனக்குத் தெரியாது.

கைலாஷ்: நான் அப்பவே சொன்னேன்ல அக்கா? என்கிட்ட தப்பிச்ச வயிறு...

நூரைன்: கிடையாது. சொன்னீங்க.

கைலாஷ்: எனக்குச் சந்தோஷமா இல்ல. இருந்தாலும் சொல்லிடறேன், ஸ்டிக்கர்லயே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு.

பெரியவர்: அது என் தப்பு. கிழிச்சிருக்கணும். சரிம்மா, நான் கிளம்பறேன். தொப்பியை இந்த நாற்காலி மேல வெச்சுட்டேன்.

நூரைன்: இருந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க பெரியவரே. அலைய வெச்சுட்டோம்.

பெரியவர்: வேணாம்மா. இங்க தின்னுட்டு, நாளைக்கு இன்னொருத்தன் இதே மாதிரி ஒரு பலகையைத் தூக்கிட்டு வந்து கேட்டான்னு வை, உன் வீட்டுப் பேரைச் சொல்லிடுவேன். மத்த விஷயத்துல எவ்வளவு வேணா பொய் சொல்வேன். சோத்து விஷயத்துல முடியல. பாப்பாவைப் பாத்துக்கோ. வரேன் தம்பி, வரிசைக்கு நேரமாச்சு.

கைலாஷ்: ...போயிட்டாரு. அக்கா, ஏன்க்கா இப்படி? நிஜமான மாமனாரு எங்க?

நூரைன்: ஆம்பூர்ல. பெரிய மகன் வீட்டுல இருக்காரு.

கைலாஷ்: அட, இதை மொதல்லயே சொல்லக் கூடாதா? இதுக்குப் போய் ஒரு ஆளை வரவழைச்சுத் தொப்பி எல்லாம் மாட்டி... ஆம்பூர் எவ்வளவு தூரம். இப்போ பஸ் ஏறினாருன்னா சாயங்காலம் வந்துடுவாரு. ஃபைஸைப் பாக்க நான் எப்படியும் திரும்ப வரணும். அப்போ அவரையும் முடிச்சுடலாம். வீடு தப்பிச்சுடும்.

நூரைன்: வர மாட்டாரு தம்பி.

கைலாஷ்: கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரா? அதுக்கா மாமி கூட சண்டை?

நூரைன்: கோவமெல்லாம் இல்ல.

கைலாஷ்: எங்கப்பா கூட போன வருஷம் என் மார்க்கைப் பாத்துட்டுப் போளூர்ல போய் உக்காந்துக்கிட்டாரு. நான்தான் பேசிச் சமாதானப்படுத்திக் கூட்டிட்டு வந்தேன். நம்பரைக் குடுங்க, நான் பேசறேன். பேத்திக்காகன்னா வராமலா போயிடுவாரு.

நூரைன்: பேத்திக்காகன்னா ஓடி வருவாரு.

கைலாஷ்: அப்புறம் என்ன? குடுங்க நம்பரை.

நூரைன்: நம்பரெல்லாம் எதுக்கு தம்பி...

கைலாஷ்: அக்கா. உங்க மாமி எத்தனை நாளா அந்த அறையை விட்டு வரலை?

நூரைன்: எதுக்குக் கேக்குறீங்க?

கைலாஷ்: மூணு மாசம் முன்னாடி எங்க ஆளு வந்தப்போ வாசப்படியில நின்னு அவங்கதான் எல்லாம் சொல்லியிருக்காங்க. இப்போ திரைக்குப் பின்னால கை மட்டும் தெரியுது. எத்தனை நாளா?

நூரைன்: ரெண்டு மாசமா.

கைலாஷ்: ...இத்தாவா?

நூரைன்: உங்களுக்கு எப்படி அது தெரியும்?

கைலாஷ்: கூடப் படிக்கிற பையன் வீட்டுல. அவங்கப்பா தவறினப்புறம் அவங்கம்மா நாலு மாசம் பத்து நாள் வெளி ஆம்பளைங்க முன்னாடி வரல, வெளியிலயும் போகல. வாசல்லயே நின்னு நோட்ஸ் வாங்கிட்டுப் போவேன். ஒருநாள் உள்ள இருந்து, "சாப்பிட்டியாப்பா?"ன்னு குரல் மட்டும் வந்துச்சு.

நூரைன்: மாமியும் அப்படித்தான். உங்களைக் கூடக் கேக்கச் சொன்னாங்க. நான்தான், அந்தத் தம்பி தண்ணி கூட வாங்க மாட்டாருன்னு சொன்னேன்.

கைலாஷ்: எப்படிக்கா? பெரியவரு...

நூரைன்: தொழுதுட்டு வந்தாரு. நெஞ்சை அடைக்குதுன்னாரு. இவரு ஆட்டோவை எடுத்துட்டு வாசலுக்கு வர்றதுக்குள்ள முடிஞ்சுடுச்சு. சொந்த மகன் ஆட்டோ, தம்பி. அதுல ஏத்தக் கூட முடியல.

கைலாஷ்: ...ஆம்பூர்னு சொன்னீங்க.

நூரைன்: யாராவது கேட்டா ஆம்பூர்னுதான் சொல்றேன். வாயில அதுதான் சுலபமா வருது.

கைலாஷ்: ம்.

நூரைன்: பாப்பா எடையும் அப்போதான் நின்னுச்சு. என்னதான் பால் குடுத்தாலும், கஞ்சி ஊட்டினது அவருதான். அஞ்சு மாசம் முடிஞ்சதுல இருந்து. மடியில சாச்சு வெச்சுக்கிட்டு, வாய்க்கு வந்த கதையெல்லாம் சொல்லிக்கிட்டு. ஒரு கிண்ணம் காலியாகும். இப்போ நான் ஊட்டினா வாயை இறுக்கி மூடிக்கிட்டு வாசல் பக்கம் பாக்குது. எனக்கும் அப்போதுல இருந்து பால் கம்மியாயிடுச்சு. இதையெல்லாம் மருந்துக்கடையில எப்படிச் சொல்றது?

கைலாஷ்: டாக்டரம்மாகிட்ட சொல்லலாம்.

நூரைன்: வந்தாங்கன்னா சொல்லலாம். ...இப்போ அதுல என்ன போடுவீங்க?

கைலாஷ்: இறந்துட்டாருன்னு ஒரு கட்டம் இருக்கு.

நூரைன்: போட்டா?

கைலாஷ்: மாமிக்கும் இன்னும் அறுபது ஆகலன்னு பதிஞ்சிருக்கு, அதனால வீட்டை மூடிடும். தானா மூடிக்கும். அப்புறம் என்னால கூட திறக்க முடியாது.

நூரைன்: சரி தம்பி. போட்டுடுங்க. உங்க வேலையைக் கெடுத்துக்காதீங்க. இந்த யோசனையே மாமியோடதுதான். அவங்க வீட்டுக்காரரு இடத்துல இன்னொரு ஆளை உக்கார வைக்கச் சொல்லிட்டு, நேத்து பூரா உள்ள அழுதுக்கிட்டே இருந்தாங்க. பேத்திக்காகன்னு சொன்னாங்க. போதும். போட்டுடுங்க.

கைலாஷ்: பாப்பாவை இன்னொரு தடவை மெஷின்ல வைங்க.

நூரைன்: எதுக்கு? ரெண்டு தடவை பாத்தாச்சே.

கைலாஷ்: சும்மா வைங்கக்கா.

நூரைன்: ...எவ்வளவு?

கைலாஷ்: ஆறு நூறு.

நூரைன்: காலைக் கூட உதைக்கல இப்போ.

கைலாஷ்: தூக்கிக்கோங்க. போன் அடிக்குது பாருங்க, உங்களுது.

நூரைன்: தெரியாத நம்பரு.

கைலாஷ்: காட்டுங்க. ...வினோதினி மேடம். எங்க சூப்பர்வைசர். நாங்க வீட்டை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடியே போன் போட்டு, பையன் நிஜமா வந்தானா, கேட்டானான்னு சரி பாப்பாங்க. வீட்டுப் பெரியவர்கிட்டதான் பேசணும்பாங்க.

நூரைன்: நான் என்ன சொல்லட்டும்?

கைலாஷ்: உண்மையைச் சொல்லுங்க.

நூரைன்: அப்போ வீடு...

கைலாஷ்: எடுங்கக்கா. கட் ஆயிடப் போகுது.

நூரைன்: ஹலோ... ஆமாங்க மேடம், நூரைன்தான் பேசறேன்... வந்திருக்காரு மேடம், இங்கதான் இருக்காரு... இல்லைங்க, எதுவும் வாங்கிக்கல... பாப்பாவை எடை போட்டாரு, மூணு தடவை போட்டாரு... மாமாவா? மாமாகிட்டயா மேடம்?... அவரு வந்து... மேடம், மாமா இப்போ...

கைலாஷ்: இப்படிக் குடுங்க.

நூரைன்: தம்பி, வேணாம், உங்க வேலை...

கைலாஷ்: குடுங்கக்கா... க்கும். ஹலோ... ஆமாம்மா, அப்துல் ரசாக்குதான் பேசறேன்... எழுவத்திரண்டு ஆகுதும்மா... குரலா? சளிம்மா, தொண்டை கட்டிக்கிச்சு... ஆங், வந்தான், கேட்டான், எல்லாம் சொன்னேன்... நேத்து ராத்திரியா? மருமக காச்சின கஞ்சிதான்... புள்ளைக்கா? புள்ளைக்கு ஊட்டுறது நான்தாம்மா. என் மடியில உக்காந்தாத்தான் அது வாயைத் திறக்கும்... ரெண்டு மாசமா என்னால முடியலம்மா. அப்போதுல இருந்து அதுக்கு எடையும் ஏறல... டாக்டரம்மாவைச் சீக்கிரம் அனுப்பி விடு.